'றிப்பேர்' என்னுஞ் சொல்லின் வரலாறு

மோட்டார் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், "வண்டி றிப்பேர்" என்கின்றோம். அதனைக் கராஜுக்கு அனுப்பிய பின்னர், "வண்டி றிப்பேருக்குப் போயிருக்கிறது" என்கின்றோம். முதல் வாக்கியத்தில் அச்சொல் பழுதைக் குறிக்கின்றது. இரண்டாவதில் அப்பழுதை நீக்குந் தொழிலைக் குறிக்கின்றது. இவற்றுள் முதற்பொருள் ஆங்கிலத்தில் இல்லை. அது தமிழர் கொடுத்த பொருள். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயரை வழங்கும் இவ்வழக்கைக் கண்டு ஆங்கிலம் வல்லார் நகைப்பதுண்டு. ஆனால் அச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் ஆங்கிலேயர் வாயிலும் அது ஒரு சொல் அன்று, இரு சொற்கள் என்பது புலனாகும். அவ்விரண்டும் சென்று சேர்ந்த இடங்கள் மொழிநூலின் எல்லைக்கு வெகுதூரம் அப்பாலுள்ளவை.

விரிவான ஆங்கில அகராதிகள் 'றிப்பேர்' என்பதனை இரு தலைச்சொற்களாகப் பிரித்தே காட்டும். அவற்றுள் நாம் அறிந்த 'பழுதுபார்த்தல்' 14ஆம் நூற்றாண்டிற் பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் வந்து புகுந்தது. அதன் மூலம் 'றெபராரே' என்னும் இலத்தீன் வினை. 'றெ' என்பது 'மீள' எனப் பொருள்படும் முன்னொட்டு. 'பராரே' என்பது ஆயத்தஞ் செய்தல். எனவே சொல்லின் நேர்ப்பொருள் 'மீள ஆயத்தஞ் செய்தல்' என்பதாகும். இப் 'பராரே' பெருங் குடும்பத்துக்கு முதல்வி. முன்னேற்பாட்டைக் குறிக்கும் 'பிறிப்பெயார்', கருவித் தொகுதியைக் குறிக்கும் 'அப்பறேற்றஸ்', பிரித்தலைக் குறிக்கும் 'செப்பறேற்' ஆகிய யாவும் அதன் வழிவந்தவை. வெயிலைத் தடுக்கும் குடையாகிய 'பரசோல்' இத்தாலிய மொழி வழியாக வந்த பேர்த்தி. பேரரசனைக் குறிக்கும் 'எம்பரர்' என்ற சொல்லுங்கூட, கட்டளையிடுதலைக் குறித்த இலத்தீன் வினையின் வழியாக இவ்வேருடனேயே இணைகின்றது.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. ஆயத்தஞ் செய்பவன் முன்னோக்கியே நிற்பவன். பயணத்துக்கோ போருக்கோ விருந்துக்கோ, இனி நிகழவிருக்கும் ஒன்றுக்கே ஆயத்தஞ் செய்யப்படுகின்றது. ஆகவே உரோமர் வழங்கிய சொல்லில், உடைந்த பொருள் முன்பிருந்தவாறே ஆகிவிடும் என்ற உறுதிமொழி அடங்கவில்லை. அது மறுபடியும் பயன்படத் தக்கதாகும் என்பதே அதன்கண் அடங்கிய பொருள்.

மற்றைய 'றிப்பேர்' ஓரிடத்துக்குச் செல்லுதலைக் குறிப்பது. விருந்தினர் உணவுக் கூடத்துக்குச் சென்றனர் என்பதை இச்சொல்லாற் கூறுதல் இன்றும் ஆங்கிலத்தின் உயர்நடையிற் காணப்படும். இதன் மூலம் 'றெபாத்திரியாரே' என்னும் பிற்கால இலத்தீன் வினை. 'பாத்திரியா' என்பது தந்தையர் நாடு. ஆகவே தன் நாட்டுக்குத் திரும்புதல் என்பதே ஆதிப்பொருள். பழைய பிரெஞ்சு மொழியில் அது வீடு திரும்புதலாயிற்று. பின்னர் ஆங்கிலத்தில் வீடு என்ற கருத்தும் மறைந்து வெறுஞ் செலவாகத் தேய்ந்தது. பிரெஞ்சிலோ இதனோடு பிறந்த பெயர்ச்சொல் காட்டு விலங்கின் குகையைக் குறிக்கலாயிற்று. புலியும் மாலையில் வீடு திரும்புகின்றதன்றோ! 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதே இலத்தீன் சொல்லை இரண்டாம் முறையும் கடன் வாங்கினர். இம்முறை அது தேயாது 'றீபற்றியேற்' என்று முழு உருவுடனே நின்றது. அதனைப் பின்னர் நோக்குவாம்.

செப்பனிடுதலுக்கு ஆங்கிலத்தில் வேறு சொற்களும் உள. 'பிக்ஸ்' என்பது பதித்தல், இறுகப் பொருத்துதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வேரிற் பிறந்து அமெரிக்க மண்ணிலே பழுதுபார்த்தலாக மாறியது. 1842இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த சார்ள்ஸ் டிக்கன்ஸ், அந்நாட்டார் அவ்வொரு சொல்லாலேயே எல்லா வேலையையும் முடித்துக்கொள்வதை வியந்து எழுதினார். இதனினும் சுவை மிக்கது 'மென்ட்' என்னும் சொல். அது 'அமென்ட்' என்பதன் தலைக்குறை. 'மெண்டும்' என்பது இலத்தீனிற் குற்றம். குற்றத்தை வெளியேற்றுதல் 'எமெண்டாரே'. இரந்துண்பவரைக் குறிக்கும் 'மெண்டிக்கன்ற்' என்ற சொல்லும் உடற்குறை என்ற பொருளில் அதே வேரைச் சார்ந்ததென்பர் மொழிநூலார். கிழிந்த காலுறையைத் தைப்பதற்கும், பாராளுமன்றத்திற் சட்டத்தை மாற்றுவதற்கும், ஏட்டுப்பிழையை நீக்குவதற்கும் ஆங்கிலேயர் இவ்வொரு வேரிலிருந்தே மூன்று சொற்களைப் பெற்றனர்.

தமிழில் அவ்வளவு தொல்லையில்லை. 'திருத்துதல்' ஒன்றே போதும். சைக்கிளைத் திருத்துகின்றோம், மாணவரின் கட்டுரையைத் திருத்துகின்றோம், அரசியலமைப்புக்கும் திருத்தம் வருகின்றது, காடு திருத்திக் கழனியாக்கியதும் இச்சொல்லே. 'பழுதுபார்த்தல்' என்பதோ இன்னும் நுட்பமானது. பார்த்தலிலேயே பாதி வேலை முடிந்துவிடுகின்றது என்பது போல அச்சொல் அமைந்துள்ளது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, தொட்டால் ஒடியும் ஏடுகளுடன் போராடிச் செய்த வேலை இதுவே. ஏடு திருத்துவோர்க்கு ஓர் இடர் உண்டு. எது எழுதினோன் பிழை, எது தம் அறியாமை என்று பிரித்தறியாது திருத்தப் புகுந்தால், திருத்தமே புதுப் பழுதாகிவிடும்.

கட்டடத் துறையிலும் இவ்விடர் ஒரு பெரும் பூசலை விளைத்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களை 'மீட்டமைத்தல்' என்ற பெயரிற் கட்டடக்கலைஞர் பலர் சுரண்டியும் இடித்தும், இப்படித்தான் ஆதியில் இருந்திருக்கும் எனத் தாம் எண்ணிய வடிவத்துக்குக் கொண்டுவந்தனர். இதனைக் கண்டித்து 1849இல் ஜோன் இரஸ்கின் எழுதினார். 1877இல் வில்லியம் மொறிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். மீட்டமைப்பு வேண்டா, நாள்தோறும் பழுதுபார்த்தலே வேண்டும் என்பது அவர்தங் கொள்கை. இரு சொற்களுக்கிடையே கட்சி பிரிந்து நின்ற இப்பூசலில் நியாயம் மொறிஸின் பக்கமே என்பது என் துணிபு.

இனி, 'றிப்பேர்' என்பதன் உடன்பிறப்பாகிய 'றெப்பறேஷன்' என்னும் சொல்லுக்கு வருவோம். அச்சொல் வரலாற்று மாணவர்க்கு 1919ஆம் ஆண்டை நினைவூட்டும். அதற்கு முன்னர் வென்ற நாடு தோற்ற நாட்டிடம் வாங்கிய பணம் தண்டப் பணமே. 1871இல் பிரான்சு ஜேர்மனிக்கு 500 கோடி பிராங்கு இறுக்க நேர்ந்ததும் அப்பெயராலேயே. முதலாவது உலக மகாயுத்தத்தின் முடிவை எதிர்நோக்கிய 1918 பெப்புருவரியில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன், நாடு கவர்தலும் தண்டம் விதித்தலும் கூடா என்று அறிவித்தார். ஆகவே 1919 யூன் 28ஆந் திகதி கைச்சாத்திடப்பட்ட வெர்சாய் உடன்படிக்கையில் தண்டம் என்ற சொல்லுக்கு மாறாகச் 'செப்பனிடல்' என்ற சொல் வந்து அமர்ந்தது. தண்டத்துக்கு எல்லை வென்றவன் விருப்பம். செப்பனிடலுக்கு எல்லை உடைந்த பொருளின் அளவு. சொல்லளவில் இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் 1921இல் இலண்டனில் விதிக்கப்பட்ட தொகை 13,200 கோடிப் பொன் மார்க்கு. பெயர் மாறியதேயன்றித் தண்டம் மாறவில்லை என்றே ஜேர்மானியர் கருதினர். அக்கருத்தை அந்நாட்டின் அரசியல் பின்னர் எவ்வாறு பயன்படுத்தியதென்பது யாவரும் அறிந்ததே.

அவ்வுடன்படிக்கையின் 247ஆம் உறுப்புரை பணத்தைப் பற்றியதன்று. 1914 ஓகஸ்ட் 25ஆந் திகதி இரவு பெல்ஜியத்து லூவேன் நகரினுட் புகுந்திருந்த ஜேர்மன் படையினர் அங்குள்ள பல்கலைக்கழக நூல்நிலையத்துக்குத் தீயிட்டனர். இலட்சக்கணக்கான நூல்களும், இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளும், அச்சுக்கலையின் தொடக்கத்தில் வெளிவந்த அரும்பிரதிகளும் வெந்தொழிந்தன. அழிந்தவற்றுக்கு எண்ணிக்கையாலும் மதிப்பாலும் ஒத்த சுவடிகளையும் நூல்களையும் ஜேர்மனி கொடுத்தல் வேண்டும் என்று அவ்வுறுப்புரை விதித்தது. ஜேர்மனியிலிருந்து நூல்கள் பெட்டி பெட்டியாக வந்தன. எண்ணிக்கையை நிரப்பலாம், மதிப்பையுங் கணக்கிடலாம். ஆனால் ஒரே பிரதியாக இருந்து எரிந்த சுவடிக்கு ஒத்தது யாது?

அமெரிக்கரின் நன்கொடையாற் புதிய கட்டடம் எழுந்து 1928இல் திறக்கப்பட்டது. ஜேர்மானியர் வெறியால் அழிந்தது, அமெரிக்கர் கொடையால் மீண்டது என்னும் பொருள்பட இலத்தீனில் ஒரு வாசகத்தை அதன் முகப்பிற் பொறிக்க விரும்பினார் கட்டடக்கலைஞர். பல்கலைக்கழகத்தார் அதற்கு இணங்கவில்லை. பூசல் நீண்டு, இறுதியில் வாசகமின்றியே கட்டடம் நின்றது. 1940 மே மாதத்தில் மறுபடியும் போர் வந்தது. நூல்நிலையம் மறுபடியும் எரிந்தது. இம்முறை அழிந்தவை ஏறக்குறைய 9 இலட்சம் நூல்கள் என்பர். முதற் பழுதுக்கு ஈடாக வந்த நூல்களும் அத்தீயுள் அடங்கும். 1981இல் மே 31ஆந் திகதி இரவில் மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்களையும் ஏட்டுச் சுவடிகளையும் இழந்த நமக்கு, லூவேன் நகரத்தார் நிலையை விளக்கவேண்டியதில்லை. இங்கும் வெண்ணிறக் கட்டடம் மீள எழுந்தது. நூல்களும் வந்து சேர்ந்தன. ஏடுகள் வரவில்லை.

அதே 247ஆம் உறுப்புரை இன்னொன்றையும் விதித்தது. கெண்ட் நகரத் தேவாலயத்துக்காக வன் ஐக் சகோதரர் தீட்டிய பலிபீட ஓவியம் 1432இல் முற்றுப்பெற்றது. அதன் சிறகுப் பலகைகள் சில 1816இல் தேவாலயத்தாராலேயே விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறி 1821இற் பிரசிய மன்னரைச் சேர்ந்து, பேர்லின் நூதனசாலையிற் காட்சிக்கு இருந்தன. அவை கொள்ளையிடப்பட்டவையல்ல; விலைக்கு வாங்கப்பட்டவை. ஆயினும் லூவேனில் எரிந்ததற்கு ஈடாகக் கெண்டில் விற்றது திரும்பிவந்தது. செப்பனிடல் என்ற சொல் அங்கே 'பிரிந்ததை ஒன்றுசேர்த்தல்' எனப் பொருள் விரிந்தது. அங்ஙனம் ஒன்றுசேர்ந்த ஓவியத்திலிருந்து 1934இல் ஒரு பலகை களவு போயிற்று. அது இன்றுவரை அகப்படவில்லை. அதன் இடத்தில் இருப்பது ஒரு படி.

இச்சொல்லுக்கு எல்லை யாது என்னும் வினாவை 1928இல் கேக் நகரின் நிரந்தர சர்வதேச நீதிமன்றம் எதிர்கொண்டது. போலந்து அரசு கைப்பற்றிய ஒரு நைத்திரேற்றுத் தொழிற்சாலை பற்றிய வழக்கு அது. தீச்செயலின் விளைவுகள் யாவற்றையும் இயன்ற அளவு துடைத்து, அச்செயல் நிகழாதிருப்பின் இருந்திருக்கக்கூடிய நிலையை நிறுவுதலே செப்பனிடல் என்று மன்று கூறியது. 'முன்பு இருந்த நிலை' என்று மன்று கூறவில்லை என்பதனை மாணவர் கூர்ந்து நோக்குக. இழந்தவன் இழப்பின்றி வாழ்ந்திருப்பின் இன்று எங்கே நின்றிருப்பான் என்பதே கேள்வி. 'பராரே' என்ற பழைய வேரின் முன்னோக்கு அத்தீர்ப்பில் ஓரளவு மீண்டுவிட்டது எனலாம்.

வெர்சாய் உடன்படிக்கையின் ஜேர்மன் வடிவத்தில் இக்கருத்துக்கு வழங்கிய சொல் 'வீடர்குட்மாகுங்'. மீண்டும் நல்லதாக்குதல் என்பது அதன் பொருள். நாசிகளின் கொடுமைக்கு ஆளான யூதர்க்குக் கொடுத்த பணத்துக்கும் பின்னர் அதே சொல் வழங்கிற்று. கொலையுண்ட குடும்பத்தை எவ்வாறு மீண்டும் நல்லதாக்குவது? 1952 செப்தெம்பரில் இலக்சம்பேர்க்கில் மேற்கு ஜேர்மனி இஸ்ரவேலுக்கு 300 கோடி மார்க்குக் கொடுக்க உடன்பட்டபோது, யூதர் தம் மொழியில் 'சிலுமிம்' என்ற விவிலியச் சொல்லையே தேர்ந்தனர். கொடுத்துத் தீர்ப்பன என்பது அதன் கருத்து. வாங்கியவர் மன்னித்தார் என்றோ, பழுது தீர்ந்தது என்றோ அச்சொல் ஒப்புக்கொள்ளவில்லை. தீங்கிழைத்தோர்க்கு ஒரு சொல்லும் தீங்குற்றோர்க்கு வேறொரு சொல்லும் வேண்டியிருந்தது இயல்பே.

இவையாவும் முதல் 'றிப்பேர்' ஈன்றவை. இரண்டாவதன் மறுபிறப்பாகிய 'றீபற்றியேற்' நம் நாட்டுக்கு மிக அண்மையில் வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்தோபர் 30ஆந் திகதி சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க, 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்று வகுத்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ள விட்டது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரை ஆங்கிலப் பத்திரங்கள் இச்சொல்லாலேயே குறித்தன. தமிழ்நாட்டரசின் பத்திரங்கள் 'தாயகம் திரும்பியோர்' என்றன. ஆனால் அவருட் பலர் இத்தீவிலே பிறந்தவர். இந்தியக் கரையைக் கண்ணாலுங் காணாதவர். ஒருமுறையேனும் செல்லாத இடத்துக்கு எவ்வாறு திரும்புவது? 'றெ' என்ற ஈரெழுத்தளவு முன்னொட்டு இத்துணைப் பெரிய பொய்யைச் சுமந்தது வேறெங்கும் உண்டோ யான் அறியேன்.

தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவருள் ஒரு பகுதியினர்க்கு வாழ்வளிக்கவே 1968இல் தமிழ்நாட்டரசு நீலகிரியிற் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. மலையில் விட்டுவந்த தொழிலையே அவர் வேறொரு மலையிற் செய்தனர். இலங்கையில் 'இந்தியத் தமிழர்' எனப்பட்ட அவரை, ஆங்கே அயலவர் 'சிலோன்காரர்' என்றழைத்தனர். இங்கே தங்கியும் நாடற்றவராகவே எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. 1964 ஒக்தோபர் 30ஆந் திகதி முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வதிந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அதற்கு உரியர் என அச்சட்டங் குறித்தது.