தேசிக்காய்க் கோழி வந்த வழி

"புத்தாண்டு மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேணும்" என்று மலர்க்குழு நண்பர் ரெலிபோனில் கேட்ட நேரம் நான் குசினியில் நின்று கோழிக்குத் தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் புளி. "எதைப் பற்றி எழுத?" என்றேன். "உமக்குத் தெரிஞ்சதை எழுதும்" என்றார். ஆகவே பிழிந்துகொண்டிருந்ததைப் பற்றியே எழுதுகிறேன். சங்கிலி மன்னனை எதிர்பார்த்தவர்கள் கொஞ்சம் பொறுக்கவும், அவரும் இடையில் வருவார். இன்னொன்று: வருடப்பிறப்பன்று எங்கள் வீட்டில் சைவம்தான். இது அதற்கடுத்த கிழமை, வேலையால் களைத்து வரும் ஒரு பின்னேரத்துக்கான மச்சச் சாப்பாடு.

இந்த யோசனை வந்ததற்குக் காரணம் என் மகள். லண்டனில் வளரும் எங்கட பிள்ளைகளுக்குப் 'பிரி-பிரி' கோழியில் இருக்கிற பிரியத்தைப் பெற்றோருக்குச் சொல்லத் தேவையில்லை. புளியும் பூண்டும் சின்ன மிளகாயும் பூசி, நெருப்பில் வாட்டிய கோழி. நான் வீட்டில் செய்து வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, "அப்பா, போர்த்துக்கேயச் சாப்பாடு உங்களுக்கு எப்படிச் செய்யத் தெரியும்?" என்று கேட்டாள். போர்த்துக்கேயச் சாப்பாடாம்! யாழ்ப்பாணத்தானிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இது யாருடைய கோழி என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் கோழி. காட்டுக்கோழியை மனிதன் வீட்டுக்குக் கொண்டுவந்தது தென்கிழக்கு ஆசியாவில். தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த, கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட காலத்து எலும்புகளே நிச்சயமான வீட்டுக்கோழி எலும்புகளில் மிகப் பழையவை என்று 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அங்கிருந்து அது எல்லா இடமும் போய்விட்டது. கோழிக்கு யாரும் உரிமை கேட்பதில்லை, விட்டுவிடுவோம்.

தேசிக்காயின் கதை நீளமானது. புளிப்பழ மரங்கள் எல்லாவற்றுக்கும் தாய்வீடு இமயத்தின் தென்கிழக்கு அடிவாரம், அதாவது அசாம், வட பர்மா, சீனாவின் யுனான் ஆகியவை சேரும் பகுதி என்று 2018இல் மரபணு ஆய்வாளர் எழுதினார்கள். எங்கட சின்னத் தேசிக்காயும், இங்கு கடையில் வாங்கும் பெரிய மஞ்சள் லெமனும் பழைய இனங்கள் ஒன்றோடொன்று கலந்ததால் பிறந்த பிள்ளைகள். இவற்றைப் பாரசீகரும் அரபு வணிகரும் மேற்கே கொண்டுபோனார்கள். பெயர்களும் கூடவே போயின. எங்கட நாரத்தை வடமொழியில் 'நாரங்கம்' ஆகி, பாரசீகத்தில் 'நாரங்', அரபில் 'நாரஞ்ச்', என்று போய், போர்த்துக்கேயத்தில் 'லரஞ்ச' என்றும் ஆங்கிலத்தில் 'ஒரேஞ்ச்' என்றும் ஆனது. மூலம் திராவிடச் சொல் என்பதே சொல்லாய்வாளர் பலரின் கருத்து. பிற்காலத்தில் இனிப்புத் தோடம்பழத்தைப் பரப்பியவர்கள் போர்த்துக்கேயர் என்பதால் துருக்கியர் அதற்குப் 'போர்த்தகால்' என்றும், அரபுக்காரர் 'புர்த்துகால்' என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். ஊரான் பழத்துக்கு வந்தவன் பெயர்!

இனிக் கப்பலுக்கு வருவோம். வாஸ்கோ ட காமாவின் முதற் பயணத்தில் கூடப் போன ஒருவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. 1498 ஜனவரியில் கப்பல்கள் இன்றைய மொசாம்பிக்கின் கெலிமானே ஆற்றில் ஒரு மாதத்துக்கு மேல் தரித்து நின்றன. அங்கே மாலுமிகளுக்குக் கையும் காலும் வீங்கி, முரசு பல்லுக்கு மேலால் வளர்ந்து, சாப்பிட முடியாமல் போனதாக அவர் எழுதியிருக்கிறார். அது 'ஸ்கேவி' நோய். மாதக்கணக்காகப் பச்சைக் காயோ பழமோ படாத உடம்புக்கு வருவது. ஏப்ரலில் மொம்பாசாவை அடைந்தபோது அந்த ஊர் மன்னர் ஒரு செம்மறியாடும், பெருந்தொகையான தோடை, எலுமிச்சை, கரும்பும் அனுப்பி வைத்தார். அங்கே தங்கள் நோயாளிகள் எல்லாரும் சுகமடைந்தார்கள் என்று எழுதிவிட்டு, கடவுளின் கருணைக்கும் அவ்வூரின் நல்ல காற்றுக்கும் நன்றி சொல்கிறார் நாட்குறிப்புக்காரர். பழத்துக்கு நன்றி இல்லை! ஆனால் நோயாளிகளுக்கு விசயம் விளங்கியிருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில், 1499 ஜனவரியில் மாலிந்தியை அடைந்ததும் அவர்கள் ஆசைப்பட்டுக் கேட்டது தோடம்பழம்தான். காமா கரைக்கு ஆள் அனுப்பி எடுப்பித்தார். புளிப்பழம் இந்த நோயை மாற்றும் என்று ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் 12 மாலுமிகளை வைத்துச் சோதித்துக் காட்டியது 1747இல்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போர்த்துக்கேயர் வந்து இறங்கும்போதே கிழக்கு ஆபிரிக்கக் கரையில் தேசியும் எலுமிச்சையும் காய்த்துக் குலுங்கின. இந்து சமுத்திரத்து வணிகர் முன்பே கொண்டுபோன மரங்கள் அவை. கோழியும் அங்கே இருந்தது. நெருப்பு எல்லாரிடமும் இருந்தது. அப்படியானால் போர்த்துக்கேயர் கொண்டுவந்தது என்ன? மிளகாய்.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492க்கு முன் ஆபிரிக்காவும் அறியாது, நாங்களும் அறியோம். ஊரில் கொச்சி மிளகாய் என்று சொல்லுவமே, அந்த மாதிரி ஊசிபோலச் சின்னதாய், உச்சி மயிர் எழும்புகிற உறைப்போடு ஆபிரிக்காவில் ஒரு மிளகாய் ஊன்றிக்கொண்டது. அதற்கு அங்கத்தைய மக்கள் வைத்த பெயர்தான் பிரி-பிரி. சுவாகிலி மொழியில் 'பிலிபிலி'. இந்தச் சொல் வடமொழிப் 'பிப்பலி'யில் தொடங்கி, பாரசீகம், அரபு வழியாக ஆபிரிக்கக் கரைக்குப் போனது. பிப்பலி வேறொன்றுமில்லை, அம்மம்மா தடிமனுக்குத் தேனில் குழைத்துத் தந்த திப்பிலி. காய் மேற்கிலிருந்து வந்தது, பெயர் கிழக்கிலிருந்து போனது.

மொசாம்பிக்கில் இரண்டு விதமாகக் கோழி வாட்டுவார்கள். ஒன்று நான் மேலே சொன்னது. மற்றது, காமாவின் ஆட்கள் முரசு வீங்கிக் கிடந்த அதே கெலிமானே இருக்கும் சாம்பேசியா மாகாணத்துக்கு உரியது. அங்கே கோழியைத் தேங்காய்ப்பாலிலும் பூண்டிலும் எலுமிச்சம் புளியிலும் ஊறவைத்துத் தணலில் வாட்டி, மிச்சப் பாலை மேலே பூசிப் பூசி எடுப்பார்கள். தென்னைக்குப் பேர்போன கரை அது. இதை முதன்முதல் சாப்பிட்டபோது எனக்கு ஊர்ச் சாப்பாடு மாதிரியே இருந்தது.

மொசாம்பிக் 1752 வரை கோவாவிலிருந்தே ஆளப்பட்டது. ஆகவே ஆட்களும் சமையலும் இரண்டு பக்கமும் போய்வந்தன. கோவாவில் இன்றும் 'கஃப்ரியால்' என்று தேசிப்புளியும் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் அரைத்துப் பூசிய கோழி உண்டு, ஆபிரிக்கரின் சமையல் என்பதே அந்தப் பெயரின் கருத்து. அவர்களுடைய உறவினர் எங்கட தீவிலும் இருக்கிறார்கள். புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினர் போர்த்துக்கேயர் காலத்திலும் பின்னரும் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள். அவர்களுடைய 'மஞ்ஞ' பாட்டில் போர்த்துக்கேயச் சொற்கள் இன்னும் இருக்கின்றன.

அதே போர்த்துக்கேயர்தான் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்து, நல்லூர்க் கந்தசாமி கோயிலை இடித்து, சங்கிலி மன்னனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றவர்கள். 1658இல் ஒல்லாந்தர் அவர்களைக் கலைத்துவிட்டார்கள். அந்த 39 வருடத்துக்கு நாங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் சொற்களைப் பாருங்கள்: கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, பாண். நான் நின்று தேசிக்காய் பிழிந்த இடம், குசினி, அதுவும் அவர்களுடைய 'கொசிஞ்ய'தான். மொசாம்பிக் மக்களோ அவர்களை நாலரை நூற்றாண்டுக்கு மேல் சகித்தார்கள். சுதேசிகளுக்கென வேறு சட்டம் வைத்து, கட்டாய வேலை வாங்கிய அந்த முறை சட்டப்படி ஒழிந்தது 1961இல்தான். லொரென்சோ மார்க்கெஸ் என்று அப்போது அழைக்கப்பட்ட தலைநகரில் வெள்ளையர் வீட்டு அடுப்படியில் நின்றவர்கள் கறுப்பினச் சமையற்காரர்கள். கோழியின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். நெருப்புக்கு முன்னால் வியர்த்து நின்றவர்களில் ஒருவரின் பெயராவது எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இதில் கோபம்தான்.

1975 ஜூன் 25இல் மொசாம்பிக் சுதந்திரம் பெற்றது. தலைநகர் அடுத்த வருடம் மப்புட்டோ ஆனது. போர்த்துக்கேயர் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். அக்காலத்தில் '24/20' என்று ஒரு கட்டளை இருந்தது: 24 மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும், 20 கிலோ சாமான் கொண்டுபோகலாம். எம்மவர்க்கு இந்தக் கணக்குக்கு விளக்கம் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கு இன்னும் குறைந்த நேரம்தான் தரப்பட்டது என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அங்கோலாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் போர்த்துக்கல்லுக்குத் திரும்பியவர்கள் ஐந்து இலட்சத்துக்குக் குறையாது. வேறு சிலர் தென்னாபிரிக்காவுக்குப் போனார்கள். 20 கிலோவுக்குள் அடங்காத சாமான் ஒன்று நாக்கில் இருந்தது. போன இடமெல்லாம் அவர்கள் கோழி வாட்டினார்கள். 1987இல் யொகனஸ்பேர்க்கின் ரொசெற்றன்வில் பகுதியில் பெர்னாண்டோ டுவார்ட்டேயும் அவரது நண்பர் ரொபேர்ட் புரோசினும் ஒரு கோழிக்கடையை வாங்கினார்கள். அது நாண்டோஸ் ஆனது. 1992இல் லண்டனுக்கும் வந்தது.

மொசாம்பிக் மக்களுக்கு அதற்கிடையில் என்ன நடந்தது? 1977இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் ஏறத்தாழப் பத்து இலட்சம் உயிரைக் குடித்தது. 17 இலட்சம் பேர் வரை அயல்நாடுகளுக்கு அகதிகளாக ஓடினார்கள். ஏழை நாடான மலாவி மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஏற்றுக்கொண்டது. 1992 ஒக்டோபர் 4இல் ரோமில் சமாதானம் எழுதப்பட்டது, பின் சில வருடங்களில் பெரும்பாலானோர் திரும்பிப் போனார்கள். லண்டனில் அந்தக் கோழிக்கடை திறந்த அதே வருடம் என்பதைக் கவனியுங்கள். கடை மட்டையில் எழுத இதற்கெல்லாம் இடம் இல்லைத்தான்.

மகளுக்கு இவ்வளவும் சொன்னேன். கடைசியில் அவள் கேட்டது, "அப்ப நாளைக்கும் செய்வீங்களா?"

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் ஏசுவார்கள். நாலு பேருக்கு எலும்போடு எட்டுத் தொடைத் துண்டு. தோலை எடுக்க வேண்டாம், ஆழமாக இரண்டு மூன்று கீறல் போடுங்கள். மூன்று தேசிக்காய்ப் புளி (லெமன் என்றால் இரண்டு), ஆறு பல்லுப் பூண்டு, சின்ன மிளகாய் உங்கள் துணிவுக்கு ஏற்ற அளவு, உப்பு, நாலு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய், எல்லாவற்றையும் அரைத்து, பாதியைக் கோழியில் பூசி வையுங்கள். மற்றப் பாதியைத் தனியே எடுத்து வையுங்கள். பச்சைக் கோழி கிடந்த புளியை வெந்த இறைச்சியில் பூசக் கூடாது. வேலையால் வந்தவுடன் பூசினால், முகம் கழுவி, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பார்த்து முடிய முக்கால் மணித்தியாலம் ஆகிவிடும், அது காணும். இரவிரவாக ஊற விடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. புளி இறைச்சியின் மேற்பக்கத்தை நெருப்பில்லாமலே அவித்த மாதிரி ஆக்கி, மாவாக்கிவிடும்.

தட்டில் அடுக்கி அவணில் 200 பாகையில் முப்பத்தைந்து நிமிடம். பிறகு கிறிலை உச்சத்தில் வைத்து, எடுத்து வைத்த கூட்டைப் பூசி, தோல் அங்கங்கே கருகும்வரை ஐந்தாறு நிமிடம். பக்கத்தை விட்டு அசையாதீர்கள், புகை மணிக்கூடு அலறும். எலும்போரம் குத்தினால் வரும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். சாம்பேசியா முறை வேண்டுமென்றால் ஒலிவ் எண்ணெயை விட்டு, ஒரு கோப்பை தடித்த தேங்காய்ப்பால் சேருங்கள். பூசத் தனியே வைத்த பங்கு திரைந்தால் பயப்பட வேண்டாம். இறக்கின பிறகு இன்னொரு பாதித் தேசிக்காயைச் சுடச்சுட மேலே பிழிய மறக்க வேண்டாம். அவணுக்குள் போன புளியின் வாசம் வெளியே வராது.

தட்டில் தங்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். சோற்றோடும் சாப்பிடலாம், ஆனால் பாணைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவதுதான் எனக்கு விருப்பம்.