கறையடியும் யானைச் சுவடும்

சங்க நூற் சொற்கள் சிலவற்றின் பொருளை ஏட்டில் மட்டுமன்றி நிலத்திலும் தேட வேண்டியுள்ளது. ‘கறையடி’ என்பது அத்தகையதொரு சொல். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை மாறோக்கத்து நப்பசலையார் பாடிய புறநானூற்று 39-ஆம் பாட்டில் இஃது யானைக்கு அடையாக வருகின்றது. உறந்தை அவையத்தைப் போற்றுவதும் அப்பாட்டே. ‘கறை’ என்பதற்கு உரல் என்பது பழைய உரை. இன்று மாசு, குருதிக்கறை என்பனவே பெருவழக்காதலின், ‘குருதி படிந்த அடி’ என மாணவர் மயங்க இடமுண்டு. இவற்றுள் பொருந்துவது யாது என ஆராய்வாம்.

யானையின் முன்னடிச் சுவடு ஏறத்தாழ வட்டமானது. பின்னடிச் சுவடு நீள்வட்டமானது. முன்னடிச் சுற்றளவை இருமடங்காக்கின் தோளுயரம் ஏறக்குறையப் பெறப்படும். சுற்றளவு 125 செ.மீ. எனின் உயரம் 250 செ.மீ. அளவினதாம். புலிச்சுவட்டில் நான்கு விரல்களும் உள்ளங்காலும் பதியும். நடக்குங்கால் நகங்கள் உள்ளிழுக்கப்படுதலின் அவை பதிவதில்லை. நாய், கழுதைப்புலி ஆகியவற்றின் சுவட்டில் நகங்கள் தோன்றும். மானின் சுவடு பிளவுபட்ட குளம்பாய் அமையும். இவற்றுள் உரலின் வாயை நினைப்பிப்பது யானைச் சுவடு ஒன்றே.

எனினும், சுவடு மண்ணையும் பொறுத்தது. திருவரங்கமும் திருவானைக்காவும் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவில் அமைந்தவை. இத்தகைய ஆற்றிடைக் குறையின் உலர்மணலில் சுவட்டின் விளிம்பு சரிந்து உருக்குலையும். ஈரவண்டலில் வட்டக் குழியாய் நிலைக்கும். ஒரு விலங்கின் அடியே சேற்றில் பெரிதாகவும் கடுநிலத்தில் சிறிதாகவும் தோன்றுதலும் உண்டு. சுவட்டையே நம்புதலின் இடர்ப்பாட்டை அண்மைக்கால வரலாறும் காட்டும். 1972-இல் நாடு முழுதும் புலிகளைச் சுவடு கொண்டு எண்ணினர். இராசத்தானத்துச் சரிஸ்காவில் புலிகள் அற்றுப்போனமை 2005-இல் வெளிப்பட்டபின் அம்முறை கைவிடப்பட்டது; தானியங்கி ஒளிப்படக் கருவி முதன்மை பெற்றது.

ஆதலின் சுவட்டோடு பாட்டின் சூழலையும் நோக்குதல் வேண்டும். நப்பசலையார் பாட்டில் இவ்யானை போர்க்களத்தில் வரவில்லை. புறாவின் பொருட்டுத் துலை புக்க சோழ முன்னோன் வரலாற்றில், துலாக்கோலுக்கு மருப்பீந்த விலங்காகவே வருகின்றது. குருதிக்கு அங்கு இடமின்று. சுவடும் சூழலும் பழைய உரையும் ஒருவழிப்படுதலின், ‘உரல் போலும் அடி’ என்பதே பொருத்தமாம். அவ்வுவமை காலின் வடிவு நோக்கியதோ, மண்ணிற் பதிந்த குழி நோக்கியதோ என்பது மேலும் ஆராய்தற்குரியது. பின்னதற்கும் இடமுண்டு என்னும் அளவில் யாம் அமைகின்றோம்.