பெட்டி கேமராவுக்கு அடுத்து என்ன?

போன எபிசோடு வந்ததுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. "இதுவரைக்கும் ஃபோன்லதான் எடுத்துட்டு இருந்தேன். இனிமே சீரியஸா பண்ணணும். எந்த கேமரா வாங்கலாம்?" ஒரு மாடல் பேரைச் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா இந்தக் கேள்விக்கு நூறு வயசுக்கு மேல ஆகுது. அதனால இன்னைக்கு அதோட கதையைச் சொல்றேன். நடுவுல என்னோட கதையும் கொஞ்சம் வரும்.

1888-ல அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மேன் 'கோடக்'னு ஒரு கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்கான ஃபிலிம் சுருள் ஏற்கெனவே இருக்கும். எடுத்து முடிச்சதும் கேமராவை அப்படியே ராச்செஸ்டர் நகரத்துக்குப் பார்சல் பண்ணணும். 10 டாலர் கொடுத்தா படங்களைக் கழுவி, பிரின்ட் போட்டு, புது ஃபிலிமும் மாட்டி அனுப்புவாங்க. நீங்க பட்டனை அழுத்துங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கிறோம் என்பதுதான் அவங்க விளம்பரம்.

அதுக்கு முன்னாடி படம் எடுக்கணும்னா கண்ணாடித் தகடு, ரசாயனம், இருட்டறை எல்லாம் தெரிஞ்சிருக்கணும். கோடக் அந்தச் சுமையை எல்லாம் இறக்கி வச்சது. 1900-ல வந்த 'பிரவுனி' இன்னும் ஒரு படி கீழே இறங்கி வந்தது. அட்டைப் பெட்டிதான், விலை ஒரே டாலர். ஆறு படம் எடுக்கிற ஃபிலிம் 15 சென்ட். குழந்தைகளை மனசுல வச்சே விளம்பரம் பண்ணினாங்க. ஃபோகஸ் பண்ண வேண்டாம், வெளிச்சத்தை அளக்க வேண்டாம். வெயில்ல நின்னு எடுத்தா படம் விழுந்துடும்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. சுமையை இறக்கி வச்சபோது, முடிவெடுக்கிற உரிமையும் அதோட சேர்ந்து போயிடுச்சு. எவ்வளவு வெளிச்சம் வேணும், எது தெளிவா இருக்கணும், வானம் எவ்வளவு கறுப்பா வரணும் என்பதையெல்லாம் பெட்டியைச் செஞ்சவங்களே முன்கூட்டி முடிவு பண்ணிட்டாங்க. பெட்டி கேமராவை விட்டு அடுத்த கட்டத்துக்குப் போறதுன்னா, அந்த முடிவுகளை ஒவ்வொண்ணா திரும்ப வாங்கிக்கிறதுதான். ஆனா அதை வாங்கும்போது தப்பு பண்ற பொறுப்பும் கூடவே வரும்.

இப்ப என் கதை. எங்க வீட்டுல அப்பா ஒரு அக்ஃபா கிளிக் 3 வச்சிருந்தார். ஒரு ரோலுக்கு 12 படம். தீபாவளி, பொங்கல், யாராவது ஊர்ல இருந்து வந்தா, அப்பதான் வெளியே வரும். வேலைக்குப் போன புதுசுல, 1990-கள்ல, நான் சேர்த்து வச்ச பணத்துல செகண்ட் ஹேண்ட்ல ஒரு பென்டாக்ஸ் கே1000 வாங்கினேன். 1976-ல இருந்து 1997 வரைக்கும் தயாரான கேமரா அது. எல்லாமே கையாலதான். பேட்டரி வெளிச்ச மீட்டருக்கு மட்டும்தான், அது தீர்ந்தாலும் ஷட்டர் வேலை செய்யும். உலகம் முழுக்க ஃபோட்டோகிராஃபி மாணவர்கள் இதுலதான் கத்துக்கிட்டாங்க.

வாங்கின கையோட ஊருக்குப் போய் அப்பத்தாவை உட்கார வச்சேன். திண்ணையில, அடுப்படியில, மாட்டுக்கு வைக்கோல் போடும்போது. "போதும்டா, எம்புட்டு நேரம்டா கண்ணைச் சிமிட்டாம இருக்கிறது"ன்னு சிரிச்சாங்க. கவுண்டர் 36-ஐத் தாண்டியும் ஓடிட்டு இருந்துச்சு. நல்ல ரோல் போலன்னு நான் சந்தோஷப்பட்டேன்!

மதுரையில ஒரு ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தேன். மறுநாள் அந்த அண்ணன் ஆரஞ்சு நிறத்துல ஒரு வெறும் பட்டையை வெளிச்சத்துல தூக்கிக் காட்டினார். "தம்பி, ஒரு படம்கூட விழலையே." ஃபிலிம் நுனி ஸ்பூல்ல மாட்டவே இல்லை. நான் லீவரை இழுக்க இழுக்க கவுண்டர் மட்டும் நகர்ந்திருக்கு. "லீவரை இழுக்கும்போது இடது பக்க ரீவைண்ட் குமிழ் சுத்துதான்னு பாருங்க. சுத்தலைன்னா ஃபிலிம் ஓடலைன்னு அர்த்தம்"னு சொல்லிக் கொடுத்தார். அடுத்த தடவை நான் ஊருக்குப் போறதுக்குள்ள அப்பத்தா போயிட்டாங்க. இன்னைக்கும் எங்க வீட்டுச் சுவர்ல மாட்டியிருக்கிறது, அப்பா கிளிக்ல எடுத்த, கொஞ்சம் மங்கலான படம்தான்.

அந்தக் கேமராவை வித்துடலாம்னு நினைச்சேன். விக்காம இருந்ததுக்குக் காரணம், பின்னாடி ஆன்செல் ஆடம்ஸ் பத்திப் படிச்சதுதான்.

1916-ல, 14 வயசுல, கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குக் குடும்பத்தோட போனபோது அவருக்குக் கிடைச்சது ஒரு கோடக் பாக்ஸ் பிரவுனி. 'ஹாஃப் டோம்' பாறையை எடுக்கணும்னு ஒரு பழைய மரக்கட்டை மேல ஏறினார். கட்டை உடைஞ்சு தலைகுப்புற விழும்போது கை பட்டனை அழுத்திடுச்சு. அந்தப் படம் தலைகீழா விழுந்தது. அதுக்கப்புறம் அவர் உடனே பெரிய கேமராவுக்குத் தாவிடலை. சான் ஃபிரான்சிஸ்கோவில் படம் கழுவுற ஒரு கடையில பகுதிநேர வேலைக்குப் போய் இருட்டறை வேலையைக் கத்துக்கிட்டார். வருஷா வருஷம் அதே மலைக்குத் திரும்பத் திரும்பப் போனார்.

1927 ஏப்ரல் 10. அதே ஹாஃப் டோம். இந்தத் தடவை முதுகுல பெரிய வியூ கேமரா, 12 கண்ணாடித் தகடு. பனியில ஏறி உச்சி விளிம்புக்கு வந்து சேரும்போது மிச்சம் இருந்தது ரெண்டே தகடு. வெயில் பாறை முகத்துக்கு வர்ற வரைக்கும் காத்திருந்து, மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒண்ணு எடுத்தார். எடுத்த உடனே, தான் மனசுல உணர்ந்த பிரம்மாண்டம் இதுல வராதுன்னு அவருக்குப் புரிஞ்சுடுச்சு. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுக்கும். அதனால வானம் கிட்டத்தட்ட கறுப்பா விழும், பாறை எழுந்து நிற்கும். 'மோனோலித்' என்ற புகழ்பெற்ற படம் அதுதான்.

தலைகீழ்ப் படத்துக்கும் இதுக்கும் நடுவுல 11 வருஷம். கேமரா மாறினது உண்மைதான். ஆனா மஞ்சளைக் கழட்டிட்டுச் சிவப்பை மாட்டணும்னு அந்த நிமிஷத்துல முடிவு பண்ணினது கேமரா இல்லை. பிரின்ட்ல வானம் எப்படி வரும்னு, எடுக்கிறதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சிருந்தது. அந்த அறிவு வந்தது இருட்டறையில, வீணாப்போன தகடுகள்ல.

அதனால உங்க கேள்விக்கு என் பதில் இதுதான். இப்ப இருக்கிற கேமராவுல எந்த முடிவை நீங்க எடுக்கணும்னு ஆசைப்படுறீங்க, அது எடுக்க விடமாட்டேங்குது? அதைச் சொல்லத் தெரிஞ்ச அன்னைக்குப் புதுசு வாங்குங்க. வாங்கினதும் அதைத் தூக்கிக்கிட்டு நேரா முக்கியமானவங்க முன்னாடி போய் நிக்காதீங்க. முதல் பத்து நாள் தெருவை எடுங்க, கொல்லைப்புறத்தை எடுங்க, தப்பெல்லாம் அங்க நடக்கட்டும். வீட்டுல வயசானவங்க இருந்தா, அதுவரைக்கும் ஃபோன்லயே ஒண்ணு எடுத்து வச்சிடுங்க. மங்கலா இருந்தாலும் பரவாயில்லை.

என் கே1000 இன்னமும் வேலை செய்யுது. ஃபிலிம் மாட்டினதும் என் கண்ணு முதல்ல போறது அந்த ரீவைண்ட் குமிழுக்குத்தான். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.