முதியோர் பெருக்கமும் ஓய்வூதியப் பூசலும்

நம் சங்கத்து அன்பர்காள்! கீழ்க்கட்டளையில் வாழும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றுள் ஒரு வேற்றுமை காணலாம். தந்தையார் அரசுப் பணியினின்று ஓய்ந்தவர். முன்னோர் உபகாரச் சம்பளம் என்று வழங்கிய ஓய்வூதியம் அவர்க்குத் திங்கள்தோறும் வருகின்றது. மகனும் அரசுப் பணியாளரே. எனினும் அவர் அவ்வுரிமையின்றியே பணியேற்றவர். ஒரே கூரையின்கீழ் இவ்வேற்றுமை புகுந்த வரலாறு நம் குடும்பத்தார் யாவரும் அறியற்பாலது. ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஆயுள் நீண்டு மகப்பேறு குறையுமாயின் முதியோர் தொகை மிகுதல் இயல்பு. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, 60 ஆண்டு நிரம்பியோர் இந்திய நாட்டில் நூற்றுக்கு 8.6, தமிழ்நாட்டிலோ 10.4. 2019-21இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வு, இங்கு ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 1.8 எனக் காட்டிற்று. பெற்றோர் இருவர்க்கு ஈடாகப் பிள்ளைகள் இருவரும் இலர் என்பது இதன் பொருள்.

அரசு ஊழியரின் பழைய ஓய்வூதியத்துக்கென அவர்தம் சம்பளத்தினின்று பிடித்துச் சேர்த்த நிதி யாதுமில்லை. அவ்வவ்வாண்டு வருவாயினின்றே அது கொடுக்கப்பெற்றது. ஓய்ந்தோர் தொகையும் அவர்தம் வாழ்நாளும் ஏற ஏறச் சுமையும் ஏறிற்று.

2001இல் அமைந்த ஜெயலலிதா அரசு, கருவூலம் வறண்டதெனக் கூறி ஊழியரின் சலுகைகளையும் ஓய்வூதியப் பயன்களையும் குறைத்தது. அதனை எதிர்த்து 2003 ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் தொடங்கினர். அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, ஏறத்தாழ 1,70,000 பேரைப் பணிநீக்கம் செய்தது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்க்கு உரிமையில்லை என உச்சநீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் கொடுத்தே மீண்டும் பணிபுகுந்தனர்.

2003 ஏப்ரல் 1 முதல் பணியேற்றோர்க்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்னும் புதுமுறையும் விதிக்கப்பட்டது. ஊழியர் நூற்றுக்குப் பத்து இட்டனர். அரசும் அவ்வளவே இட்டது. இறுதியிற் கிடைப்பது இவ்வளவென்னும் உறுதி அன்று அதில் இருந்திலது.

2004 மே மாதத்துப் பாராளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி அணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் இழந்தது. தோல்விக்குக் காரணம் பல. ஊழியர் இல்லங்களின் சினமும் அவற்றுள் ஒன்றென்பதை மறுப்பாரிலர். உடனே அரசு ஊழியர்மீது எடுத்த நடவடிக்கைகள் பலவற்றைக் கைவிட்டது. புதுமுறை மட்டும் அன்று நீங்கிற்றிலது. 2019 சனவரியில் அதன்பொருட்டு மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டது.

பிரான்சு நாட்டிலும் 1995இன் இறுதியில் ஓய்வூதியத் திருத்தத்தை எதிர்த்து இரயில்கள் நின்றன. 1997 தேர்தலில் ஆளுங்கட்சியார் வீழ்ந்தனர்.

யாமும் புதுமுறையிற் சேர்ந்த ஆசிரியரே. இவ்வழக்கில் ஒரு பக்கத்தினரே. எனினும் மறுபக்கத்தையும் மறைத்தல் அறமன்று. கொத்தனார்க்கும் கடைச் சிற்றாளுக்கும் இரண்டு முறையும் இல்லை. அவர்கள் கொடுக்கும் வரியும் ஓய்வூதியத்துட் சேர்ந்ததே. 1962இல் சென்னை மாநிலம் ஆதரவற்ற முதியோர்க்கு ஏற்படுத்திய சிற்றுதவி அத்தகையோர்க்கு அரசு காட்டிய வழிகளுள் ஒன்று.

முதுமை இரவோடிரவாக வரும் கள்வன் அன்று. இன்று பணியேறுவோர் எந்த ஆண்டு ஓய்வர் என்பது அன்றே எழுதப்படுகின்றது. அங்ஙனமிருந்தும் பல்லாண்டு வாளாவிருந்து, ஒருநாள் திடீரெனச் சுமையை ஒரு சாரார் தலையில் ஏற்றியதே பூசலுக்கு வித்தாயிற்று. தந்தையின் ஓய்வூதியம் மகனுக்குப் பகையன்று; மகனின் அச்சமும் தந்தைக்குப் பகையன்று. இருவரும் ஒருங்கமர்ந்து கணக்கிடுதல் வேண்டும்.

அன்பர்காள்! அரசு செய்யத் தவறியதை நாமேனும் செய்வோமாக. ஓய்வூதியமற்ற நம் முதியோர் எத்துணையர் என இவ்வாண்டே வீடுதோறும் கணக்கெடுத்து, அவர்க்கென ஒரு நிதியைச் சங்கம் தொடங்குமாக. காலத்தே சேர்த்த சிறுதொகையே காலங்கடந்த பெரும்பூசலைத் தவிர்க்கும் என்க.