இரைச்சல் இடம்பெயர்ந்த வரலாறு

மலாய் மொழியில் ‘பாயா லேபார்’ என்றால் அகன்ற சதுப்புநிலம் என்று பொருள். காலாங்கில் 1937ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பெற்ற விமான நிலையம் பதினெட்டே ஆண்டுகளில் போதாமற் போனபோது, சிங்கப்பூர் தேடிச் சென்ற இடம் அந்தப் பாயா லேபார்தான். 1955ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள் அங்கே புதிய நிலையம் திறக்கப்பெற்றது. நகர் ஒருபுறமும் நிலையம் ஒருபுறமுமாக இருந்த காலம் அது. அந்நாளில் அங்கு வந்திறங்கியவற்றுள் பெரும்பாலானவை சுழல்விசிறி விமானங்கள். அவற்றின் ஓசையைக் கேட்டுச் சிறுவர் வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்களேயன்றி, எவரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

ஜெட் விமானம் வந்தபின் நிலைமை மாறிற்று. முதல் தலைமுறை ஜெட் பொறிகள் குறுகிய குழாயின் வழியே மிகுந்த வேகத்தோடு வெப்பக்காற்றைப் பீய்ச்சின. அவ்வாறு பீறிடும் காற்றின் வேகம் கூடக்கூட ஓசையின் ஆற்றல் அவ்வேகத்தின் எட்டாம் அடுக்காகப் பெருகும் என்பதை லைட்ஹில் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் 1952ஆம் ஆண்டிலேயே வகுத்துக் காட்டியிருந்தார். அதாவது, வேகம் இருமடங்கானால் ஓசையின் ஆற்றல் 256 மடங்காகும்! பின்னாளில் அகன்ற விசிறிகளைக் கொண்டு மிகுதியான காற்றை மெதுவாகத் தள்ளும் பொறிகள் வந்து இதனைப் பெரிதும் தணித்தன. ஆயினும் ஒவ்வொரு விமானத்தின் ஓசை குறைந்த அதே காலத்தில் விமானங்களின் எண்ணிக்கை பெருகிற்று. பாயா லேபாரில் 1970ஆம் ஆண்டில் 17 லட்சமாக இருந்த பயணிகள் தொகை 1975இல் 40 லட்சமாயிற்று. நகரும் வளர்ந்துகொண்டே வந்து நிலையத்தின் வேலியைத் தொட்டது.

1972ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆலோசகர்கள், பாயா லேபாரிலேயே இரண்டாவது ஓடுபாதை அமைக்கலாம் என்று பரிந்துரைத்தனர். செலவு குறைவு, விரைவில் முடியும். ஆனால் அவ்வோடுபாதைக்கு வந்துபோகும் விமானங்கள் நகரின் நடுமையத்திற்கு நேர்மேலே பறந்தாக வேண்டும். அன்றைய பிரதமர் லீ குவான் இயூ, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விமானங்கள் கடலின்மேல் ஏறி இறங்குவதையும், ஓசை முழுவதும் நீரின்மீதே விழுவதையும் கண்டிருந்தார். அந்தக் காட்சி தம் மனத்தில் நின்றதைத் தம் நினைவுக்குறிப்புகளில் அவர் எழுதியுள்ளார். துறைமுக ஆணையத் தலைவர் ஹவ் யூன் சோங்கின் தலைமையில் அமைந்த குழு மீண்டும் ஆராய்ந்தது. 1975ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சாங்கிக்கு மாறுவதென முடிவாயிற்று.

எளிதில் எடுத்த முடிவன்று அது. பாயா லேபாரில் ஏற்கெனவே போட்டிருந்த 80 கோடி வெள்ளி வீணாகும். சாங்கியில் புதிதாக 150 கோடி வெள்ளி செலவாகும். எண்ணெய் விலையேற்றத்தால் உலக வாணிகமே தளர்ந்திருந்த வேளை வேறு. இருந்தும் கடலைத் தூர்த்து ஏறத்தாழ 870 எக்டேர் நிலம் ஆக்கப்பெற்றது. அதற்கு வேண்டிய மணல் 4 கோடிக் கன மீட்டருக்கும் மேல். கம்பங்களில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இடிக்கப்பட்டன. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டப்பட்டு இடம் மாற்றப்பட்டன. நகரத்தாரின் உறக்கத்துக்காகச் சாங்கியின் மாந்தர் வீட்டை விட்டனர். அவர்தம் முன்னோரோ துயின்ற இடத்தையே விட்டனர். 1981ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சாங்கி நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அதன் விமானங்கள் பெரும்பாலும் கடலின்மீதே ஏறி இறங்குகின்றன. சாங்கியின் தூய்மையையும் விரைவையும் போற்றுவோர் பலர். அதன் ஓசை நகரத்தார் காதில் விழாமையைப் போற்றுவோர் சிலரே.

சிங்கப்பூர் இம்முடிவை எடுத்த அதே 1975ஆம் ஆண்டில், ஜப்பானின் ஒசாகா நகரில் இதே சிக்கல் நீதிமன்றத்தில் நின்றது. ஒசாகாவின் இத்தாமி விமான நிலையத்தில் 1964ஆம் ஆண்டு ஜெட் விமானங்கள் வரத்தொடங்கின. வடமேற்கே விமானப்பாதையின்கீழ் உள்ள கவானிசி நகரத்து மக்கள் 1969ஆம் ஆண்டு அரசின்மீது வழக்குத் தொடுத்தனர். இரவில் விமானம் பறத்தல் ஆகாது. இதுவரை பட்ட துன்பத்துக்கு இழப்பீடு வேண்டும். இனிப் படும் துன்பத்துக்கும் வேண்டும் என்பனவே அவர்தம் கோரிக்கைகள். 1975 நவம்பர் 27ஆம் நாள் ஒசாகா உயர் நீதிமன்றம் மூன்றையும் ஏற்றது. இரவு ஒன்பது மணி முதல் காலை ஏழு மணி வரை விமானம் கூடாது என்பது தீர்ப்பு.

அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றம் ஆறாண்டுகளுக்குப் பின், 1981 டிசம்பர் 16ஆம் நாள் தீர்ப்பு வழங்கிற்று. நடந்து முடிந்த துன்பத்துக்கு இழப்பீடு உண்டு. ஆனால், விமான நிலையத்தை இந்நேரத்தில் மூடு என்று அரசுக்கு ஆணையிடும்படி உரிமையியல் வழக்கில் கேட்க முடியாது. வருங்காலத் துன்பத்துக்கு இப்போதே இழப்பீடு கேட்கவும் முடியாது. சுருங்கச் சொன்னால், பட்டதற்குப் பணம் உண்டு, படாமலிருக்க வழியில்லை. சட்ட நுணுக்கம் எதுவாயினும், இரவெல்லாம் விழித்துக் கிடந்த தாய்மாருக்கு இது விந்தையான நீதியாகவே தோன்றியிருக்கும். ஆயினும் தீர்ப்பால் கிட்டாதது நடைமுறையில் கிட்டியது. இத்தாமி இன்றும் காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரைதான் இயங்குகிறது.

ஒசாகாவும் இறுதியில் கடலைத்தான் நாடிற்று. கரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் செயற்கைத் தீவொன்றை எழுப்பி, 1994ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் கன்சாய் நிலையத்தைத் திறந்தது. கடற்படுகையின் களிமண் மென்மையானது. ஆதலால் அத்தீவு பத்து மீட்டருக்கும் மேல் அமிழ்ந்துவிட்டது. 2018ஆம் ஆண்டுப் புயலில் ஓடுபாதையில் கடல்நீர் ஏறிற்று. கரையோடு இணைக்கும் பாலத்தில் கப்பலொன்று மோதிற்று. இதைவிட வியப்பானது வேறொன்று. கன்சாய் திறந்ததும் இத்தாமியை மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அதைச் சுற்றியிருந்த நகராட்சிகளே 1990ஆம் ஆண்டில் நிலையம் நீடிப்பதற்கு உடன்பாடு செய்துகொண்டன. வேலையும் வணிகமும் வரியும் நிலையத்தோடு பின்னிக்கிடந்தன. இரைச்சலை வெறுத்த ஊரே இரைச்சலால் பிழைத்தது. அம்மக்களைக் குறைகூற இடமில்லை. முப்பதாண்டுப் பழக்கத்தில் இரண்டும் ஒரே கயிற்றின் இரு புரிகளாகிவிட்டன.

விமான நிலையம் ஓரிடத்தை விட்டு நீங்கும்போது அவ்விடத்து மாந்தருக்கு நேர்வது யாது? இதனை அளந்தறியும் அரிய வாய்ப்பை ஜெர்மனியின் மியூனிக் நகரம் தந்தது. அங்கு 1992ஆம் ஆண்டு மே மாதத்தில் ரீம் என்னும் பழைய நிலையம் மூடப்பட்டு, நகருக்கு வெளியே புதிய நிலையம் ஒரே இரவில் இயங்கத் தொடங்கிற்று. இது நிகழப்போவதை அறிந்த ஆய்வாளர், ஈரிடத்தும் வாழ்ந்த பத்து வயதளவான பள்ளிச் சிறாரை, மாற்றத்திற்கு முன்னும் பின்னுமாகச் சோதித்தனர். பழைய நிலையத்தருகே முன்பு வாசிப்பிலும் நீண்டகால நினைவாற்றலிலும் பின்தங்கியிருந்த பிள்ளைகள், ஓசை நின்றபின் தேறினர். புதிய நிலையத்தருகே இருந்த பிள்ளைகளிடமோ அதே ஆற்றல்கள் குன்றின. 2002ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின் முடிவை ஆசிரியப் பெருமக்கள் தனியே எண்ணிப்பார்த்தல் தகும். பிள்ளைகள் அதே பிள்ளைகள். இடம் மாறியது ஓசை மட்டுமே. விமானம் கடக்கும்வரை பாடத்தை நிறுத்திக் காத்திருக்கும் ஆசிரியர் இழப்பது அரை நிமிடம் என்பார்கள். மாணவன் இழப்பது அந்த அரை நிமிடத்தை மட்டுமன்று. சொல்லிலிருந்து சொல்லுக்குச் செல்லும் கவனத்தின் இழையையும் சேர்த்தே இழக்கிறான். காதை மூடிப் பழகும் பிள்ளை, இரைச்சலோடு சேர்த்து ஆசிரியரின் குரலையும் மூடிவிடக்கூடும். உலகச் சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில், விமான ஓசையின் நாள் சராசரி 45 டெசிபெலுக்கும், இரவுச் சராசரி 40 டெசிபெலுக்கும் மேற்படாதிருத்தல் நலம் என்று அறிவித்தது. பெருநகர நிலையங்களைச் சுற்றி வாழும் பலருக்கு அது எட்டாத அளவு.

காதுக்கு எட்டாத தீங்கும் உண்டு. விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சார்ந்தது. அது எரியும்போது நைட்ரஜன் ஆக்சைடுகளோடு, கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களும் வெளிப்படுகின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் நிலையத்தைப் பற்றி 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், காற்று வீசும் திசையில் 16 கிலோமீட்டர் தொலைவிலும் அத்துகள்களின் எண்ணிக்கை இருமடங்காக இருந்தது தெரியவந்தது. அங்குக் கடற்காற்று மேற்கிலிருந்து ஊரை நோக்கி வீசுகிறது. விமானங்கள் கடலின்மேல் ஏறிச் சென்று ஓசையை நீரில் விட்டாலும், புகை காற்றின் வழியே கரைக்குத் திரும்பிவிடுகிறது. ஓசைக்கு வரைந்த வரைபடம் புகைக்குப் பொருந்துவதில்லை.

பாயா லேபாரின் கதையும் 1981ஆம் ஆண்டோடு முடியவில்லை. பயணிகள் விமானங்கள் சாங்கிக்குச் சென்றபின், அது ஆகாயப்படையின் தளமாயிற்று. ஹவ்காங், சிராங்கூன், பொங்கோல் முதலிய வட்டாரங்களில் வீடமைப்புப் பேட்டைகள் எழுந்தன. அவற்றின்மேல் போர் விமானங்கள் பறந்தன. தளத்தைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்குக் கட்டடங்களின் உயரத்துக்கும் வரம்பு இருந்தது. 2030ஆம் ஆண்டுக்குப் பின் அத்தளம் அங்கிருந்து அகற்றப்படும் என்று அன்றைய பிரதமர் லீ சியன் லூங் 2013ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேருரையில் அறிவித்தார். அதனால் விடுபடும் 800 எக்டேர் நிலத்திலும் சுற்றுப்புறத்திலுமாக ஏறத்தாழ 1,50,000 வீடுகள் எழலாம் என்பது கணக்கு. அங்குள்ள படைப்பிரிவுகளுக்கு வேறிடம் வேண்டுமல்லவா? அவற்றுள் சில, தீவின் மேற்கே உள்ள தெங்ஙா தளத்துக்குச் செல்லும். அத்தளத்தை விரிவாக்குவதற்காகச் சுவா சூ காங் இடுகாட்டில் 80,000 கல்லறைகள் வரை தோண்டப்பட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.