கடைசி வயலுக்குத் தண்ணீர் போன கதை: கல்லோயாவில் நமக்கொரு பாடம்



மாரி தொடங்கினால் நம் பக்கத்தில் இரண்டு பேச்சுத்தான் அடிபடும். ஒன்று, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தின் வான்கதவைத் திறந்துவிட்டார்களாம், கிட்டங்கியில் தண்ணீர் ஏறுதாம் என்பது. மற்றது, ஆற்றுவாயை வெட்டுவதா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா என்பது. வயல்காரருக்கு ஒரு நியாயம், மீன்பிடிக்கிறவருக்கு இன்னொரு நியாயம். இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான். தண்ணீரைப் பற்றி யார் முடிவெடுப்பது? பொறியியலாளரா? வெளிநாட்டிலிருந்து வரும் ஆலோசனைக் கம்பனியா? கச்சேரியா? வயலுக்குள் நிற்பவரா?

இந்தக் கேள்விக்கு உலகப் பல்கலைக்கழகங்களில் படிப்பிக்கிற ஒரு பதில் நம் வாவியின் தெற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது. கல்லோயா என்றால் டி.எஸ். சேனாநாயக்க, பல்நோக்குத் திட்டம், குடியேற்றம் என்று எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். அதற்குப் பின்னால் நடந்ததை யாரும் கேட்பதில்லை. பதிவு கொஞ்சம் நீளம். வயல் உள்ளவர்கள், குளத்துத் தண்ணீர் குடிப்பவர்கள், எல்லோரும் பொறுமையாக வாசியுங்கள்.

*முதலில் பழைய வழக்கம்*

நம் பகுதியில் வயற்தண்ணீரை ஆண்டது வழக்கம்தான். வாய்க்கால் வெட்டுவது எந்த நாளில், யார் எத்தனை முழம் வெட்டுவது, எந்தக் கண்டத்துக்கு முதலில் தண்ணீர் என்பதையெல்லாம் வட்டையிலுள்ளவர்கள் கூடித்தான் தீர்த்தார்கள். அதை நடத்த வட்டைவிதானை இருந்தார். பிரித்தானியர் வந்து பழைய கட்டாய ஊழிய முறைகளை ஒழித்தபோது இந்தக் கூட்டு வேலையும் சேர்ந்து தளர்ந்தது. குளங்கள் தூர்ந்தன, வாய்க்கால்கள் புல் மண்டிப்போயின.

1855 முதல் 1860 வரை ஆளுநராக இருந்த சேர் ஹென்றி வார்ட் இதைக் கண்டுகொண்டவர். அவர் காலத்தில் 1856 இல் ஒரு நீர்ப்பாசனச் சட்டம் வந்தது. நெல்வயல் பற்றிய பழைய வழக்கங்களை மீட்டெடுத்து நடைமுறைப்படுத்துவதுதான் அதன் நோக்கம். மட்டக்களப்பு மாவட்டத்திலும் அது நடைமுறைக்கு வந்தது. இறக்காமம், அம்பாறைக் குளங்களின் திருத்த வேலைகளும் வார்ட் காலத்தவைதான். குளத்தைத் திருத்தினால் மட்டும் போதாது, அந்தக் குளத்தைச் சுற்றியிருந்த ஒழுங்கையும் திருத்த வேண்டும் என்று ஒரு வெள்ளைக்கார ஆளுநருக்கே விளங்கியிருந்தது. நூறு வருடத்துக்குப் பிறகு வந்த நம் சொந்த அரசாங்கம் அதை மறந்துவிட்டது.

*அணை வந்தது*

கல்லோயாவை நம் மூத்தோர் பட்டிப்பளை ஆறு என்பார்கள். (கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பட்டிப்பளையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பதுளைப் பக்க மலைகளில் பிறந்து 108 கிலோமீற்றர் ஓடிக் கல்முனைக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து வயல்களுக்கு அணை வருவதற்கு முன்பே சோறு போட்ட ஆறு அது. மாரியில் வெள்ளமாக அழிக்கும், கோடையில் வற்றிவிடும்.

சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடமே, 1949 ஆகஸ்ட்டில், இங்கினியாகலையில் வேலை தொடங்கியது. அதே வருடம் சட்டத்தின் மூலம் கல்லோயா அபிவிருத்திச் சபையும் உருவானது. அணையைக் கட்ட வந்தது மொரிசன் நூட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஹூவர் அணையைக் கட்டிய ஆறு கம்பனிகளின் கூட்டில் அதுவும் ஒன்று. நம் மக்கள் அதுவரை காணாத இராட்சத மண்வெட்டி இயந்திரங்கள் காட்டுக்குள் இறங்கின. இரண்டு மலைகளுக்கு இடையில் ஏறக்குறைய 1,100 மீற்றர் நீளத்துக்கு அணை எழுந்தது. சுமார் 7,70,000 ஏக்கர் அடி கொள்ளளவு. அந்தக் காலத்தில் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம்.

அந்தக் கம்பனியின் வேலையைக் குறைத்துச் சொல்ல முடியாது. எழுபது வருடம் கடந்தும் அணை நிற்கிறது. நம் மாகாணத்தின் நெல்லில் பெரிய பங்கு அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது.

*ஆனால் கணக்கு தப்பியது*

அணை கட்டியவர்கள் தண்ணீரைக் குளம் வரை கொண்டுவந்தார்கள். குளத்திலிருந்து கடைசி வயல் வரை கொண்டுபோகும் வேலையை யாரும் கட்டவில்லை.

இடதுகரைப் பிரதான வாய்க்காலின் தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்கள மக்கள் குடியேற்றப்பட்டார்கள். கடைப்பகுதியில், மண்டூர்ப் பக்கம் நோக்கி இறங்கும் நிலங்களில், தமிழ் விவசாயிகள். எந்த வாய்க்காலிலும் தலையில் இருப்பவன் கையில்தான் தண்ணீர். இங்கே தலைக்கும் கடைக்கும் நடுவில் இனமும் வந்து நின்றது. 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டத்தோடு எழுந்த வன்முறையில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் எத்தனையோ உயிர்கள் போயின. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1965 இல் கல்லோயாச் சபையும் ஆற்றுப் பள்ளத்தாக்கு அபிவிருத்திச் சபையாக மாறியது.

முழுத் திட்டத்தையும் மதிப்பிட ஒரு குழு அமைக்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் புவியியலாளர் பி.எச். ஃபார்மர் அதன் தலைவர். 1970 இல் வந்த அறிக்கை, போட்ட செலவுக்கு ஏற்ற பலன் வரவில்லை என்றது. கட்டுமானத்தில் வெற்றி, பயனில் தோல்வி என்பதுதான் அதன் சாரம்.

எழுபதுகளின் கடைசியில் இடதுகரை நாட்டிலேயே மிக மோசமாகக் குழம்பிய நீர்ப்பாசனத் திட்டங்களில் ஒன்றாகப் பெயர் வாங்கியிருந்தது. மதகுகள் உடைந்து கிடந்தன. இருபது வருடமாகத் துப்புரவு செய்யாத வாய்க்கால்களும் இருந்தன. சிறுபோகத்தில் கடைப்பகுதிக்குத் தண்ணீர் எட்டுவதே அபூர்வம். தண்ணீருக்காக இரவில் மதகு உடைப்பதும் அடிபடுவதும் வழக்கமாகிவிட்டது. திணைக்களம் விவசாயியைக் குறை சொன்னது, விவசாயி திணைக்களத்தைக் குறை சொன்னார்.

*1979: புதிய ஆலோசகர்கள்*

சூறாவளி அடித்த அடுத்த வருடம், 1979 இல், அமெரிக்காவின் யூ.எஸ்.எய்ட் உதவியோடு கல்லோயா நீர் முகாமைத்துவத் திட்டம் கையெழுத்தானது. 1985 வரை நடந்தது. உடைந்த கட்டமைப்புகளைத் திருத்தும் தொழில்நுட்ப ஆலோசனைக்கு பீ.ஆர்.சீ. என்ஜினியரிங் கொன்சல்டன்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வந்தது. நீர்ப்பாசனத் திணைக்களத்தோடு சேர்ந்து வேலை செய்தது. அளவை எடுப்பது, வரைபடம் போடுவது, வாய்க்காலையும் மதகையும் திருத்துவது என்று ஆலோசனைக் கம்பனிகள் வழக்கமாகச் செய்யும் வேலைதான்.

ஆனால் இம்முறை கூடவே இன்னொரு வேலையும் வைத்தார்கள். விவசாயிகளை ஒழுங்கமைக்கும் பொறுப்பு கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையத்துக்குக் கொடுக்கப்பட்டது. அதற்குத் துணையாக 1980 இல் கோர்னெல் பல்கலைக்கழகம் சேர்ந்தது. அங்கிருந்து வந்த பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் பின்னர் இந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவே எழுதினார். 1992 இல் வெளியானது.

1981 மார்ச்சில் 32 இளம் பட்டதாரிகளைக் களத்துக்கு அனுப்பினார்கள். ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் பெயர் ‘நிறுவன அமைப்பாளர்கள்’. விவசாயிகளோடு ஊரிலேயே தங்க வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும், பிரச்சினையைக் கேட்க வேண்டும். சங்கம் பதிவதும் யாப்பு எழுதுவதும் பிறகு. முதலில் ஒரு வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிற பத்து, இருபது பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யட்டும், அமைப்பு தன்னால் வரும் என்பதுதான் அவர்களுடைய முறை. பிரதிநிதியைத் தேர்தல் வைத்து எடுக்கவில்லை. எல்லோரும் பேசி ஒருமனதாக ஒருவரை நிறுத்தினார்கள். அவருக்குச் சம்பளமும் இல்லை.

அந்தச் சிறுபோகத்தில் பெரிய குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. ஒழுங்கமைக்கும் வேலையை இப்படியொரு வருடத்தில் தொடங்க யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் ஆறு கிழமைக்குள், ஏறக்குறைய 5,000 ஏக்கர் கொண்ட மாதிரிப் பகுதியில், நூற்றுக்குத் தொண்ணூறு விவசாயிகள் ஏதோ ஒரு கூட்டு வேலையில் இறங்கிவிட்டார்கள். சிலர் சிரமதானம் போட்டு வாய்க்கால் வெட்டினார்கள். சிலர் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். சில இடங்களில் தங்களுக்கு வந்த தண்ணீரில் மிச்சம் பிடித்துக் கீழே உள்ளவர்களுக்கு விட்டார்கள். மேலே இருந்தவர்கள் சிங்களவர்கள், கீழே இருந்தவர்கள் தமிழர்கள். நாடு 1983 ஐ நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் இது நடந்தது.

பொறியியலாளர்களும் மாறினார்கள். வாய்க்காலைத் திருத்துவதற்கு முன் விவசாயிகளோடு சேர்ந்து அந்த வாய்க்கால் நெடுக நடந்தார்கள். எந்த இடத்தில் கரை உடையும், எந்தக் குழாய் உயரமாகப் போய்விட்டது என்று வயல்காரர் காட்ட, வரைபடம் திருத்தப்பட்டது. சில வருடங்களில் ஒரு ஏக்கருக்குச் செலவான தண்ணீர் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விடயமும் உண்டு. அந்த அமைப்பாளர்களில் பெரும்பாலானோர் இடையிலேயே போய்விட்டார்கள். எங்கே போனார்கள் தெரியுமா? நிரந்தர ஆசிரியர் நியமனம் கிடைத்துப் பாடசாலைகளுக்கு! நம் நாட்டில் அரச நியமனத்தின் இழுப்பு அப்படி. ஆனால் அவர்கள் போன பிறகும் விவசாயிகளின் அமைப்புகள் நின்றன. அதுதான் அவர்கள் வேலைக்குக் கிடைத்த சான்றிதழ். 1988 இல் விவசாயிகளின் பங்கேற்போடு நீர்ப்பாசனத்தை நடத்துவது நாட்டின் அரச கொள்கையாகவும் ஆனது.

*1997: உண்மையான பரீட்சை*

திட்டம் முடிந்து பன்னிரண்டு வருடம். ஆலோசகர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், வெளிநாட்டுக் காசும் நின்றுவிட்டது. நாடு யுத்தத்துக்குள் இருந்தது. 1997 சிறுபோகத்துக்கு முன், நெல் விதைக்கப் போதிய தண்ணீர் குளத்தில் இல்லை என்று விவசாயிகளுக்குச் சொல்லப்பட்டது.

அமைப்புகள் கூடிப் பேசின. சிக்கனமாகப் பாய்ச்சுவோம், எல்லோருக்கும் பங்கிடுவோம் என்று முடிவெடுத்து விதைத்தார்கள். 65,000 ஏக்கரில் வழமையைவிட நல்ல விளைச்சல் எடுத்தார்கள். மேலிருந்த சிங்கள விவசாயிகள் கீழிருந்த தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் பங்கிட்டதையும் சேர்த்து, அப்ஹொஃப்பும் இலங்கை ஆய்வாளர் சி.எம். விஜயரத்னவும் 2000 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். உலகம் கல்லோயாவைத் திரும்பிப் பார்த்தது இதற்காகத்தான். அணை உலகத்தில் எத்தனையோ இடத்தில் இருக்கிறது.

*நமக்கு என்ன?*

இமாம் புகாரியின் தொகுப்பில் ஒரு சம்பவம் வருகிறது. மதீனாவில் வாய்க்காலின் மேற்பகுதியில் ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம். கீழே ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டம். தண்ணீரில் தகராறு. வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, உங்கள் மரத்துக்குப் பாய்ச்சிவிட்டு அயலவருக்கு விட்டுவிடுங்கள் என்றே ஸுபைரிடம் முதலில் சொன்னார்கள். மேலே இருப்பவருக்கு முந்திய உரிமை இருக்கலாம். அதோடு கீழே இருப்பவருக்கு விடும் கடமையும் இருக்கிறது. கல்லோயாவில் பேராசிரியர்கள் பெரிய புத்தகம் எழுதி விளக்கிய விடயத்தின் கரு இதுதானே?

இன்று நம் வாவியைச் சுற்றித் திட்டங்களுக்குக் குறைவில்லை. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து எழுவான்கரையில் நம் வீட்டுக் குழாய் வரை வருகிறது. அந்தக் குளத்தை நம்பி வயல் செய்பவர்களும் இருக்கிறார்கள், அதே தண்ணீரைக் குடிக்கும் நாமும் இருக்கிறோம். குழாயைத் திறக்கும்போது அவர்களை நினைக்கிறோமா? கோடையில் குளம் வற்றினால் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச நம்மிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது? ஆற்றுவாய் வெட்டும் கேள்வி வரும்போது வயல்காரர், மீன்பிடிக்கிறவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் மழைக்கு முன்பே கூடி ஒரு முடிவு எடுத்து வைத்திருக்கிறோமா? அல்லது வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு கச்சேரி வாசலில் போய்ச் சத்தம் போடுகிறோமா?

ஆலோசனைக் கம்பனிகள் வரட்டும். அவர்கள் அளவை எடுக்கட்டும், அறிக்கை எழுதட்டும். அந்த அறிவு நமக்குத் தேவை. ஆனால் அறிக்கை வந்தால் தமிழில் கேட்டு வாங்கி வாசிப்போம். அவர்கள் வாவிக் கரையில் நடக்கும்போது நாமும் கூட நடப்போம். எந்த மாதம் எங்கே உவர் ஏறும், எந்தத் தோணா அடைபட்டால் எந்த வளவு மூழ்கும் என்பது நம் வாப்பாமாருக்கும் தோணிக்காரருக்கும் தெரிந்த அளவுக்கு எந்தக் கருவிக்கும் தெரியாது.

விவசாய அமைப்புகளில் பொறுப்பில் உள்ள சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமைப்பு என்பது உர மானியத்துக்குப் பெயர் பதியவும் கொந்தராத்து எடுக்கவும் மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. நம் வாய்க்காலின் கடைசி வயல்காரர் யார், அவருக்கு இந்தப் போகம் தண்ணீர் போனதா என்பதைத்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் கேட்க வேண்டும்.

81 இலும் 97 இலும் இடதுகரையில் வயல் செய்த மூத்தவர்கள் சம்மாந்துறையிலும் மண்டூரிலும் நாவிதன்வெளியிலும் இன்னும் இருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இதை வாசித்தால் அவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். ஆங்கிலத்தில் பேராசிரியர்கள் எழுதிவிட்டார்கள். நம் மக்கள் நினைவில் வைத்திருப்பதைத் தமிழில் எழுத வேண்டியது நாம்தான்.

அல்லாஹ் நம் குளங்களையும் வாவியையும் பரக்கத்தாக்குவானாக.

வஸ்ஸலாம்.