கடலுயிர்களின் வழியறிதல்

திருகோணமலையின் கடல் வரலாறு இதுகாறும் கப்பல்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆயின், அன்புவழிபுரத்துக்கு அண்மையிலுள்ள அக்கடலில் உயிர்களைப் பின்தொடர்ந்த வரலாறும் ஒன்றுண்டு.

முன்னர் ஆய்வாளர் இலக்கமிட்ட உலோகக் குழாயைத் திமிங்கிலத்தின் உடலில் எய்தனர். விலங்கு கொல்லப்பட்ட பின்னரே அக்குழாய் மீளக் கிடைத்தது; அறிவுக்கு விலை உயிராயிற்று.

1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தொடர்ந்து, 1980களின் தொடக்கத்தில் 'ரியூலிப்' என்னும் பாய்க்கப்பலில் ஹால் வைற்ஹெட் முதலியோர் திருகோணமலைக் கடலுக்கு வந்தனர். எண்ணெய்த் திமிங்கிலங்களை நீரடி ஒலிகொண்டு தொடர்ந்தனர். வால் விளிம்பின் வடுக்களைப் படம்பிடித்துத் தனித்தனியே இனங்கண்டனர். எவ்வுயிரையும் கொன்றிலர்.

இந்நெறி சுறாவுக்கும் பொருந்தியது. 2003 நவம்பரில் தென்னாபிரிக்கக் கரையில் 'நிக்கோல்' எனப் பெயரிடப்பட்ட பெருவெண் சுறாவுக்குச் செய்மதிக் கருவி பொருத்தப்பட்டது. 99 நாட்களில் அது ஏறத்தாழ 11,000 கிலோமீற்றர் கடந்து அவுஸ்திரேலியாவை அடைந்தது. கருவி அங்கே கழன்றது. 2004 ஆகஸ்ற்றில் அது மீண்டும் தென்னாபிரிக்கக் கரையில் தோன்றியதை உணர்த்தியது முதுகுத் துடுப்பு விளிம்பின் நிழற்படமே.

இரு நாடுகளும் பெருவெண் சுறாவைச் சட்டத்தாற் காத்தன. இடைப்பட்ட ஆழ்கடலில் அச்சட்டங்கள் செல்லா. இவ்வுண்மையைப் புலப்படுத்தியது நிக்கோலின் பயணம். 2004இல் அவ்வினத்தின் அனைத்துலக வணிகமும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.

எமது கரையிலோ, சுறாவைப் பெரும்பாலும் வலையில் இறந்த பின்னரே காண்கிறோம். வழியறியாது காத்தல் அரிது. உயிருடன் அறியாது வழியறிதலும் அரிது. திமிங்கிலத்திடம் இக்கடல் கற்பித்த பாடம் சுறாவுக்கும் உரியதன்றோ?